அரிசிக்குப் பதில் சப்பாத்தி: மாறியது என்ன, மாறாதது என்ன?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் மாறுவது இரவுச் சாப்பாடுதான். சோறு போய் சப்பாத்தி வரும். கொஞ்ச நாளில் கேழ்வரகு தோசை, சாமைச் சோறு, தினைப் பொங்கல் என்று பட்டியல் நீளும். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் பரவியது.

2025இல் வந்த ஓர் ஆய்வுச் செய்தி இவர்களைக் குழப்பிவிட்டது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ சாப்பிட்டால் மட்டும் சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றது அது. "அப்போ இவ்வளவு நாள் சப்பாத்தி சாப்பிட்டதெல்லாம் வீணா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு முந்தைய ஆண்டு, சாப்பாட்டை ஒட்டி டீ, காபி குடிக்க வேண்டாம் என்று இன்னொரு செய்தி. அதையும் பலர் "டீயே குடிக்கக் கூடாதாம்" என்று புரிந்துகொண்டார்கள்.

இந்தச் செய்திகளுக்குள் ஒரு முரணும் இல்லை. உடல் உணவை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பது புரிந்தால் இரண்டும் தெளிவாகும்.

## முதலில் ஒரு டீஸ்பூன் கணக்கு

சோறு, இட்லி, சப்பாத்தி, களி, பிரெட், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் அதிகமாக இருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சர்க்கரையை மணிமணியாகக் கோத்த நீண்ட சங்கிலி என்று அதைச் சொல்லலாம். வாயிலும் சிறுகுடலிலும் உள்ள நொதிகள் இந்தச் சங்கிலியை அறுக்கின்றன. அறுந்த மணிகள் ரத்தத்துக்குள் போகின்றன.

நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவரின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. 100 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்தோ சுமார் 78 கிராம். இது முழுவதும் ரத்தத்தில் தேங்காமல் அவ்வப்போது தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தக் கதவுகளைத் திறக்கும் சாவிதான் கணையம் சுரக்கும் இன்சுலின்.

இனி சப்பாத்திக்கு வருவோம். 100 கிராம் கோதுமை மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 65 முதல் 70 கிராம். கேழ்வரகிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கலோரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் அரிசியைவிடக் கூடுதல், கேழ்வரகில் கால்சியம் மிக அதிகம். இவை உண்மையான நன்மைகள், யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் கணையத்தின் வாசலில் வந்து நிற்கும் மூட்டையின் எடை பெரிதாகக் குறையவில்லை.

அரைப்பதும் ஒரு காரணம். முழுத் தானியத்தில் மாவுச்சத்து உறைகளுக்குள் அடைபட்டிருக்கும், நொதிகள் மெதுவாகத்தான் உள்ளே போகும். நைசாக அரைத்த மாவில் அந்தத் தடை உடைந்துவிடும். மாவைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் மெல்லும் வேலையும் மிச்சம், சர்க்கரை இன்னும் விரைவாக ஏறும். சர்க்கரை நோயாளிக்குத் தினமும் காலையில் பெரிய டம்ளர் நிறைய சத்துமாவுக் கஞ்சி கொடுக்கும் அன்பான வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

## ஆய்வு உண்மையில் சொன்னது

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து பல ஆண்டுகளாக நாடு முழுவதும் நடத்திவரும் கணக்கெடுப்பு 'இண்டியாப்'. மாநிலம் மாநிலமாக, நகரம் கிராமம் இரண்டிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்திருக்கிறார்கள். 2023இல் வந்த அதன் முடிவுப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. நோயின் வாசலில் நிற்பவர்கள், அதாவது முன்நீரிழிவு நிலையில் இருப்பவர்கள், இன்னும் 13.6 கோடி.

அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதிதான் 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. அதில் தெரிந்தவை:

1. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சேர்த்த சர்க்கரை.
2. புரதத்தின் பங்கு 12 சதவீதம் அளவில் மட்டுமே.
3. ஒரு தானியத்தை எடுத்துவிட்டு இன்னொரு தானியத்தின் மாவைச் சேர்த்து, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால், ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை.
4. மாவுச்சத்தில் வெறும் 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால், சர்க்கரை நோய்க்கும் முன்நீரிழிவுக்கும் வாய்ப்பு குறைகிறது.

நான்காவதுதான் தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி. ஒரு நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. அரிசியாகச் சொன்னால் சுமார் 30 கிராம், சோறாகத் தட்டில் ஒரு பெரிய கரண்டி. பருப்பிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் கரண்டிக்குக் கரண்டி துல்லியமாகப் பொருந்தும் கணக்கு இல்லை இது. எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் காட்டும் கணக்கு.

இதில் ஒரு வரம்பும் உண்டு. ஒரே காலகட்டத்தில் மக்களின் உணவையும் உடல்நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு இது. இதனால்தான் அது வந்தது என்று அறுதியிட்டு நிரூபிக்கும் வகை வேறு. ஆனாலும் முதல் பகுதியில் பார்த்த உடலின் கணக்கோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

## குன்னூரில் தொடங்கிய கதை

இந்தியாவின் உணவுப் பரிந்துரைகளை வெளியிடும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறது. அது பிறந்தது நீலகிரியில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 'பெரிபெரி விசாரணைப் பிரிவு' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது.

பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவதால் நரம்பும் இதயமும் பாதிக்கப்படும் நோய். இந்த வைட்டமின் அரிசியின் தவிட்டில் இருக்கிறது. இயந்திர ஆலைகள் வந்து அரிசியைப் பளபளவென்று தீட்டத் தொடங்கியதும், சோற்றையே நம்பியிருந்த ஆசிய நாடுகளில் நோய் கிளம்பியது. புழுங்கலரிசி சாப்பிட்ட இடங்களில் பாதிப்பு குறைவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது, ஆனால் அந்தக் கொப்பரை பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்தும் மெக்காரிசன் ஒப்பிட்டார். பஞ்சாபின் சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை மிகவும் நலிந்திருந்தன. இதைக் கேட்டதும் கோதுமைதான் காரணம் என்று முடிவு கட்டத் தோன்றும். பஞ்சாப் தட்டில் கோதுமையோடு பால், பருப்பு, காய்கறி எல்லாம் இருந்தன, சென்னைத் தட்டில் பெரும்பகுதி சோறு. சப்பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கூட வந்தவற்றை விட்டுவிட்ட குழப்பம் நூறு ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் தொடர்கிறது.

## தட்டில் எவ்வளவு, எது?

2024 மே மாதம் அதே நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் அளவு, சமைப்பதற்கு முந்தைய எடையில்:

- தானியங்கள் 250 கிராம்
- பருப்பு, பயறு வகைகள் 85 கிராம் (அசைவம் சாப்பிடுபவர்கள் இதில் ஒரு பகுதிக்குப் பதில் மீன், முட்டை, இறைச்சி)
- காய்கறி, கீரை 400 கிராம்
- பழம் 100 கிராம்
- பால் அல்லது தயிர் 300 மில்லி
- கடலை, எள் போன்ற கொட்டைகள், விதைகள் 35 கிராம்
- எண்ணெய், நெய் 27 கிராம்

இந்தப் பட்டியலில் நம் வீட்டுச் சமையலோடு அதிகம் முட்டுவது பருப்பு. "தினமும் சாம்பார் இருக்கிறதே" என்று சொல்லத் தோன்றும். நான்கு பேருக்கு வைக்கும் சாம்பாரில் 40 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஒருவருக்கு வருவது 10 கிராம் பருப்பு, அதில் புரதம் 2 கிராம் சொச்சம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினசரித் தேவை ஏறக்குறைய 50 கிராம் புரதம். ரசத்துக்கு ஊற்றும் பருப்புத் தண்ணீரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

எங்கிருந்து எவ்வளவு வரும் என்று தோராயமாகத் தெரிந்தால் திட்டமிட எளிது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில், அதாவது 30 கிராமில், 7 கிராம். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 6 கிராம். சோற்றிலும் உண்டு, 100 கிராம் சோற்றுக்கு 2.5 கிராம் போல.

ஆகவே வீட்டில் செய்யக்கூடிய மாற்றம் இப்படி இருக்கும்:

1. இருக்கிற சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை, சோற்றில் ஒரு பெரிய கரண்டியைக் குறையுங்கள்.
2. அந்த இடத்தில் கெட்டியான பருப்போ கூட்டோ சுண்டலோ முட்டையோ மீனோ வையுங்கள். பருப்பு உசிலி, பாசிப்பருப்பு போட்ட கீரை, தட்டப்பயறுக் குழம்பு, கொள்ளுத் துவையல் எல்லாம் நம் சமையலில் ஏற்கெனவே உள்ளவைதான்.
3. பொரியலைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக நினைக்காமல், சோற்றுக்குச் சமமான அளவில் வையுங்கள். இந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு வறுவல் சேராது, அது சோற்றின் பக்கம்.
4. இட்லி, தோசைக்கும் இதே கணக்கு. ஐந்து இட்லியும் தண்ணீர்ச் சட்னியும் என்பதைவிட மூன்று இட்லியும் கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையும் நல்லது.

விலையைப் பற்றிப் பேசாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்போ மாதம் அட்டைக்கு 1 கிலோ. வழிகாட்டி சொல்லும் அளவில் நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் 10 கிலோ பருப்பும் பயறும் வேண்டும். பசியை ஒழித்ததில் அந்த அரிசியின் பங்கு மிகப் பெரியது. ஆனால் எது மலிவோ அதுதான் தட்டில் குவியும். இதைச் சாப்பிடுபவரின் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. முட்டை, நிலக்கடலை, கொள்ளு, தட்டப்பயறு ஆகியவை கையைக் கடிக்காத புரதங்கள். சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. அதே வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

## சாப்பிடும் வரிசை, சாப்பிட்ட பிறகு நடை

அளவுக்கு அடுத்தது வரிசை. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறும் உச்சம் குறைவதாகச் சிறிய அளவிலான பல ஆய்வுகள் காட்டுகின்றன. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பது ஒரு காரணம். பந்தியில் இலையில் முதலில் பரிமாறுவது பொரியலும் கூட்டும்தான், சோறு வரும்வரை நாம் கை வைப்பதில்லை. அதில் பாதியை அப்போதே சாப்பிட்டுவிடலாம்.

பிறகு நடை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்தப் பின்வாசல் திறந்தே இருக்கிறது. அதனால்தான் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் 10, 15 நிமிடம் சாதாரணமாக நடப்பதற்கு இவ்வளவு பலன். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் அதே நேரத்தில் தசை வேலை செய்கிறது. மொட்டை மாடி போதும், தெரு போதும். பாத்திரம் தேய்ப்பதும் உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

"பத்தாயிரம் அடி நடக்கணுமாமே?" என்று மலைத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள் தருவது. அது அப்படியே உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. 2025இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 7,000 அடி அளவிலேயே பெரும்பகுதி நன்மை வந்துவிடுவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை. குளுக்கோஸைச் சேமிக்கும் மிகப் பெரிய கிடங்கு தசைதான், வயதாக ஆக அது சுருங்குகிறது. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாலே தொடைக்குப் பயிற்சி கிடைக்கும்.

## டீயில் என்ன பிரச்சினை?

2024 வழிகாட்டி டீயையும் காபியையும் தடை செய்யவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் வேண்டாம் என்றது. காரணம், அவற்றிலுள்ள டானின் போன்ற பொருட்கள் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பு ஏற்கெனவே உடலில் எளிதில் சேராத வகை. இட்லியோடு காபி என்ற பழக்கம் அதை இன்னும் குறைக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே இது சின்ன விஷயமில்லை.

எதிர்த்திசையில் வேலை செய்வது வைட்டமின் சி. கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்ப்பது, இவை இரும்பு உள்ளே போக வழி திறக்கும்.

டீயில் இன்னொரு கணக்கு சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 10 கிராம். நாளைக்கு நான்கு டீ குடித்தால் 40 கிராம். வழிகாட்டி சொல்லும் மேல் வரம்பு 25 கிராம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் குளுக்கோஸ் கணக்கில் அவை சர்க்கரைதான். அரிசிக்குப் பதில் சப்பாத்தி கதைதான் இங்கேயும். வெல்லத்தில் இரும்பு இருக்கிறது என்பார்கள், ஆனால் டீக்குப் போடும் பத்து கிராமில் வருவது சொல்லும்படியான அளவு இல்லை.

பழைய சோற்றைப் பற்றிப் பரவும் ஒரு தகவலையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவு ஊறவைத்தால் சோற்றில் இரும்பு இருபது மடங்கு பெருகும் என்கிறார்கள். இரும்பு ஒரு தனிமம், நுண்ணுயிர்களால் அதை உண்டாக்க முடியாது. நொதிக்கும்போது இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் ஓரளவு உடைகிறது, அதனால் இருக்கிற இரும்பு கொஞ்சம் எளிதாகச் சேரலாம். குடலுக்கு நல்லது செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வளர்கின்றன. பழைய சோறு நல்ல உணவுதான். அதைப் புகழ இந்த உண்மைகளே போதும்.

## மனதுக்கு இதில் என்ன வேலை?

"மகிழ்ச்சி ஹார்மோன் செரடோனின் 90 சதவீதம் வயிற்றில்தான் சுரக்கிறது, ஆகவே சாப்பாட்டால் மனச்சோர்வைப் போக்கலாம்" என்ற வாசகம் எங்கும் சுற்றுகிறது. முதல் பாதி சரி. ஆனால் குடலில் உருவாகும் செரடோனின் மூளைக்குள் போக முடியாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

உணவுக்கும் மனதுக்கும் உள்ள உண்மையான தொடர்புகள் வேறு வழியில் போகின்றன.

முதலாவது, குறைபாடுகள். வைட்டமின் பி12 விலங்கு உணவில் மட்டுமே இயல்பாக இருப்பது. பால் அதிகம் எடுத்துக்கொள்ளாத சைவ உணவினருக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டு எடுப்பவர்களுக்கும், முதியவர்களுக்கும் அது குறையலாம். கை கால் மரத்துப்போவது, மறதி, காரணமில்லாத சோர்வு, மனம் சோர்ந்து கிடப்பது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். இரும்புக் குறைவும் தைராய்டு குறைவும் அப்படித்தான். "சோம்பேறி", "எதிலும் அக்கறை இல்லை" என்று வீட்டில் திட்டு வாங்கும் பெண்களில் சிலருக்கு உண்மையில் குறைந்திருப்பது ஹீமோகுளோபின். இதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது.

இரண்டாவது, மொத்த உணவு முறை. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிஸ் ஜாக்காவின் குழு, மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2017இல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு 12 வாரம் காய்கறி, பழம், பயறு, முழுத்தானியம், மீன், கொட்டைகள் நிறைந்த உணவுக்கு வழிகாட்டினார்கள். இன்னொரு பிரிவினருடன் உட்கார்ந்து நட்பாகப் பேசினார்கள். முதல் பிரிவில் 32 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து மீண்டார்கள், மற்றதில் 8 சதவீதம். சிறிய ஆய்வு. யாருக்கு எது கிடைக்கிறது என்பதை மறைக்க முடியாத ஆய்வும்கூட. பலர் மருந்தையும் தொடர்ந்தார்கள். சிகிச்சைக்குத் துணையாக உணவு வேலை செய்யக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது, தூக்கம். இதில்தான் உடலும் மனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. சில நாள் தொடர்ந்து தூக்கம் குறைந்தாலே இன்சுலினுக்கு உடல் காட்டும் பதில் மந்தமாகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. மறுநாள் இனிப்பும் வறுத்ததும் தேடும், எரிச்சல் வரும், நடக்கத் தோன்றாது, மாலையில் இரண்டு டீ கூடும். டீ, காபியில் உள்ள காபின் என்ற தூண்டும் பொருள் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கும். அப்புறம் தூக்கம் வராது, அடுத்த நாளும் இதே சுற்று.

இந்தச் சுற்றை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் எளிதான இடம் காலை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, பத்து இருபது நிமிடம் வெளி வெளிச்சத்தில் நின்றால் உடலின் கடிகாரம் நேராகும், இரவில் தூக்கம் தானாக வரத் தொடங்கும். மதியம் 2 மணிக்கு மேல் காபின் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் கணையத்துக்கும் ஓய்வில்லை, தூக்கத்துக்கும் நிம்மதியில்லை.

## யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் ஊசி போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் அதுதான். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு பிறகு தட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. அவர்கள் சோடியம் குறைந்த மாற்று உப்பையும் தவிர்க்க வேண்டும், அதில் பொட்டாசியம் இருக்கும். இந்துப்பு வேறு வகை, ஆனால் அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான். எந்த உப்பானாலும் நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்த்து.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். இந்த நடு நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இங்கே சொன்ன மாற்றங்கள் அதிகம் கைகொடுக்கும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் கீழே போனால் ரத்தசோகை என்று பொருள், அதற்குக் கீரை மட்டும் போதாது, காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரை எடுக்க வேண்டிவரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால், அது உணவாலும் நடையாலும் மட்டும் கடக்கக்கூடிய கட்டம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.